மக்தபில் குறும்படம்: தடுப்பதா, நெறிப்படுத்துவதா?



"உஸ்தாத், பிள்ளைய ஓதத்தானே அனுப்புறோம்? அங்க படம் எடுக்குறாங்கன்னு சொல்றாங்களே?"

சென்ற மாதம் ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரர் எங்களிடம் இப்படிக் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, கவலை இருந்தது. தம் பிள்ளையின் மார்க்கக் கல்வியைப் பற்றி ஒரு தந்தை கேட்கும் கேள்விக்குப் படியில் நின்றபடி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நகர்வது முறையன்று. இதே கவலை இன்னும் பல இல்லங்களில் இருக்கக்கூடும் என்பதால், எங்கள் பதிலை இங்கே விரிவாக எழுதுகிறோம். எங்கள் பக்கம் நேர்ந்த ஒரு தவறும் இதில் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

முதலில், நடப்பது என்ன என்பது தெளிவாக வேண்டும். எங்கள் மக்தபில் மாலை நேர ஓதல் வழக்கம்போல் நடக்கிறது. குர்ஆன், தஜ்வீத், துஆக்கள், தொழுகைச் சட்டங்கள் எதிலும் ஒரு நிமிடமும் குறைக்கப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஒரு மணி நேரம் 'கிஸ்ஸா வகுப்பு' உண்டு. பத்து முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் அதில் அமர்கிறார்கள். முன்பெல்லாம் நாங்கள் கதை சொல்வோம், அவர்கள் கேட்பார்கள். அடுத்த வாரம் கேட்டால் பாதிப் பேருக்கு நினைவிருக்காது. ஒன்றரை ஆண்டுகளாகப் பிள்ளைகளையே கதை சொல்ல வைக்கிறோம். ஒரு பருவத்துக்கு ஒரு கதையை மூன்று நான்கு நிமிடக் குறும்படமாக அவர்கள் உருவாக்குகிறார்கள். கருவி என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு கைபேசி, அதை அசையாமல் நிறுத்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் இரண்டு செங்கற்களும், அவ்வளவுதான். பின்னணி இசை கிடையாது. பாங்கு சொன்னால் படப்பிடிப்பு நின்றுவிடும்.

கதை நமக்குப் புதிதா?

கதை வழியாகக் கற்பிப்பது நம் மார்க்கத்துக்கு அந்நியமானதன்று. குர்ஆனின் 12ஆம் அத்தியாயமான ஸூரா யூசுஃப், 111 வசனங்களில் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைத் தொடர்ச்சியாக எடுத்துரைக்கிறது. அதை வரலாறுகளில் மிக அழகானது என்று குர்ஆனே அறிமுகப்படுத்துகிறது.

சொல்லால் மட்டுமன்றிக் காட்சியாலும் நபி (ஸல்) அவர்கள் பாடம் நடத்தியிருக்கிறார்கள். ஒருமுறை அவர்கள் ஒரு சதுரம் வரைந்து, அதன் நடுவிலிருந்து வெளியே நீளும் ஒரு கோட்டையும், அதன் பக்கவாட்டில் சிறு சிறு கோடுகளையும் வரைந்தார்கள். நடுவில் இருப்பவன் மனிதன், சுற்றியிருக்கும் சதுரம் அவனுடைய ஆயுள், வெளியே நீளும் கோடு அவனுடைய ஆசை, சிறு கோடுகள் அவனைத் தாக்கும் சோதனைகள் என்று விளக்கினார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. கண்ணுக்கு முன் ஒரு வடிவத்தை வைத்து, மரணத்தைப் பற்றிய ஒரு பெரும் உண்மையைச் சில கோடுகளில் அங்கே புரியவைத்தார்கள்.

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கும் இதில் நெடிய மரபு உண்டு. முழுமையாகக் கிடைத்துள்ள தமிழ் இஸ்லாமிய இலக்கியங்களில் முற்பட்டதாகக் கருதப்படும் 'ஆயிர மசலா' 1572இல் வண்ணப் பரிமளப் புலவரால் இயற்றப்பட்டது. கேள்வியும் பதிலுமாக மார்க்கத்தை விளக்கும் நூல் அது. மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்று புதிய இலக்கிய வகைகளையே தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் நம் முன்னோர். விளக்கு வெளிச்சத்தில் ஒரு பெரியம்மா கிஸ்ஸா வாசிக்க, தெருப் பெண்கள் சுற்றி அமர்ந்து கேட்ட காலத்தை நம்மில் மூத்தவர்கள் இன்னும் நினைவு வைத்திருப்பார்கள். அன்று கதை ஏட்டில் இருந்தது. இன்று அது நம் பிள்ளைகளின் உள்ளங்கையில், திரையில் இருக்கிறது. அந்தத் திரையில் ஓடும் கதையைச் சொல்பவர் யார் என்பதே நாம் கவலைப்பட வேண்டிய விஷயம்.

"இது எங்கே இருக்கிறது?"

எங்கள் வகுப்பில் கைபேசியை எடுப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நீ சொல்லும் இந்தச் செய்தி எங்கே இருக்கிறது?

சென்ற பருவத்தில் பிள்ளைகள் யூசுஃப் நபியின் வரலாற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். எழுதி வந்த கதையில், அமைச்சரின் மனைவி பெயர் ஜுலைகா என்றிருந்தது. "குர்ஆனில் அந்தப் பெயர் எந்த வசனத்தில் வருகிறது, காட்டுங்கள்" என்றோம். நான்கு பேர் தர்ஜமாவைப் பிரித்துவைத்து 111 வசனங்களையும் தேடினார்கள். பெயர் இல்லை. அஸீஸின் மனைவி என்று மட்டுமே குர்ஆன் கூறுகிறது. பெயர் பிற்காலக் கதைகளின் வழியே வந்து நம் நாவில் தங்கிவிட்டது.

அடுத்து, சகோதரர்கள் கொண்டுவந்த சட்டையில் இரத்தம் இருந்தது, ஆனால் கிழிசல் இல்லை, அதனால்தான் யஃகூப் (அலை) அவர்களுக்குப் பொய் புரிந்தது என்று எழுதியிருந்தார்கள். தேடிப் பார்த்தபோது பொய்யான இரத்தம் குர்ஆனில் இருந்தது, கிழிசல் இல்லை என்ற விவரமோ தஃப்ஸீர்களில்தான் இருந்தது. எனவே படத்தில் அந்த வரியை "என்று விரிவுரையாளர்கள் கூறுகிறார்கள்" என்று சேர்த்து வாசிக்கச் செய்தோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருத்தி, இறைவசனம் எது, விளக்கம் எது, மக்கள் சேர்த்தது எது என்று மூன்றையும் பிரித்தறிந்த நாள் அது. அந்த ஒரு நாளில் அவர்கள் கற்றதை, நாங்கள் பல ஆண்டுகள் வாயால் சொல்லியும் கற்பிக்க முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

உருவம், நடிப்பு: எல்லை எது?

உருவம் பற்றிய ஹதீஸ்களை நாம் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அவை கடுமையானவை. கேமராப் படம் அந்தத் தடைக்குள் வருமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைக் முஹம்மது பகீத் அல்முதீஈ, புகைப்படம் என்பது நிழலைத் தடுத்து நிறுத்துவதே அன்றிப் படைப்பதன்று எனக் கூறி அனுமதித்தார். தேவ்பந்த் மரபைச் சேர்ந்த முஃப்தி முஹம்மது ஷஃபீ, புகைப்படமும் தடுக்கப்பட்ட உருவமே என்று நூல் எழுதினார். அவருடைய மகன் முஃப்தி தகீ உஸ்மானி, அச்சிடப்படாமல் திரையில் மட்டும் தோன்றும் டிஜிட்டல் காட்சியை அந்தத் தடையில் சேர்க்கவில்லை. ஒரே வீட்டில் தந்தையும் மகனும் வேறு முடிவுக்கு வந்த விஷயத்தில், எதிர்க்கருத்து உடையவரை நாம் இகழ்வது அழகன்று. ஆகவே, படமே கூடாது என்று கருதும் குடும்பத்துப் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் கதை எழுதுகிறார்கள், ஆதாரம் தேடுகிறார்கள், குரல் கொடுக்கிறார்கள். அவர்களின் உருவம் பதிவாவதில்லை.

நபிமார்களை நடித்துக் காட்டுவதை உலமாப் பெருமக்கள் வன்மையாகத் தடுத்துள்ளார்கள். முஸ்தஃபா அக்காத் 1976இல் வெளியிட்ட 'தி மெஸேஜ்' படத்தில்கூட நபி (ஸல்) அவர்களின் உருவமோ குரலோ இல்லை. எதிரில் இருப்பவர்கள் கேமராவைப் பார்த்துப் பேசுவார்கள், அவ்வளவே. ஆனால் அதில் ஹம்ஸா (ரலி) அவர்களாக நடிகர்கள் தோன்றினார்கள். அதையும் ஏற்காத அறிஞர்கள் பலர். நாங்கள் பேணுதலான பக்கத்தில் நின்று, நபிமார்கள், ஸஹாபாக்கள் எவர் வேடத்தையும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை.

அப்படியானால் யூசுஃப் நபியின் வரலாற்றை எப்படிப் படமாக்கினார்கள்? அந்த வரலாற்றில் சட்டை மூன்று இடங்களில் வருகிறது. பொய் இரத்தம் பூசிய சட்டை முதலாவது. பின்பக்கம் கிழிந்து, குற்றமற்றவர் யார் என்று காட்டிய சட்டை இரண்டாவது. தந்தையின் முகத்தில் போடப்பட்டு, இறையருளால் பார்வை திரும்பக் காரணமான சட்டை மூன்றாவது. பிள்ளைகள் கொடியில் காயும் ஒரு வெள்ளைச் சட்டையை மட்டும் எடுத்தார்கள். பீட்ரூட் சாற்றால் கறை வைத்தார்கள். வேறொரு சட்டையின் பின்பக்கத்தைக் கிழித்தார்கள். கடைசியில் ஒரு சட்டையை மடித்துத் துணிப்பையில் வைத்தார்கள். இவை அந்த வரலாற்றைச் சொல்ல உதவும் சாதாரணச் சட்டைகளே என்பதைத் தொடக்கத்திலேயே ஒரு குரல் சொல்லிவிடும். நான்கு நிமிடமும் ஒரு முகம்கூட வராது.

நபிமார் வரலாறு அல்லாத கதைகளுக்கு அன்றாட வாழ்வே போதும். ஈரான் நாட்டு இயக்குநர் அப்பாஸ் கியரொஸ்தமி 1987இல் எடுத்த 'நண்பனின் வீடு எங்கே' என்னும் படத்தைச் சிலர் பார்த்திருக்கலாம். வகுப்புத் தோழனின் நோட்டுப்புத்தகம் தவறுதலாகத் தன் பையில் வந்துவிட, அதைத் திருப்பிக் கொடுக்க அடுத்த கிராமம் வரை ஓடும் ஒரு சிறுவனின் கதை. சிறுவர்களுக்கான ஓர் அமைப்பின் தயாரிப்பில் வந்த படம் அது. அமானிதம் என்ற சொல்லை ஒருமுறையும் உச்சரிக்காமலே அமானிதத்தைக் கற்பித்துவிடும் கதை. எங்கள் பிள்ளைகளும் அமானிதத்தைப் பற்றி ஒரு படம் எடுத்தார்கள். எங்கள் தவறு நடந்தது அதில்தான்.

எங்களுக்கு நேர்ந்த தவறு

கதை எளியது. மளிகைக் கடையில் ஒரு சிறுவனுக்கு நூறு ரூபாய் அதிகமாகச் சில்லறை வந்துவிடுகிறது. அவன் அதை மறைத்துக்கொள்கிறான். இரவு தூக்கம் வரவில்லை. சுப்ஹுக்குப் பிறகு கடை திறக்கும் முன்பே வாசலில் போய் நின்று, பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறான். பதினொரு வயது மாணவன் ஒருவன் அச்சிறுவனாக நடித்தான். மிக நன்றாக நடித்தான்.

மகிழ்ச்சியில் அந்தப் படத்தை நாங்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தோம். அந்த மாணவனின் வீட்டாரிடம் கேட்கவில்லை. யாரோ ஒருவர், கெட்ட எண்ணம் இல்லாமலே, தம் ஸ்டேட்டஸில் அதை வைத்தார். முழுப் படமும் அதில் ஏறாது. எனவே முதல் அரை நிமிடத்தை மட்டும் கத்தரித்து வைத்தார். அந்த அரை நிமிடத்தில் இருந்தது, ஒரு சிறுவன் பணத்தைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு திரும்பிப் பார்க்கும் காட்சி. அது அங்கிருந்து வேறு குழுக்களுக்குச் சென்றது. இரண்டு நாளில் தெருப் பையன்கள் அவனைத் திருடன் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். உண்மையான கடை ஒன்றில், வேடிக்கைக்காகத்தான், கையை விரித்துக் காட்டச் சொன்னார்களாம்.

பதினொரு நாள் அவன் ஓத வரவில்லை. நாங்கள் வீட்டுக்குச் சென்றபோது அவன் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை. அவனுடைய தாயார் எங்களைக் குறை சொல்லவில்லை. "படத்த முழுசா யாருமே பாக்கல, உஸ்தாத்" என்று மட்டும் சொன்னார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினோம்.

அமானிதத்தைப் பற்றிப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுத்த நாங்கள், எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட ஒரு பிள்ளையின் முகத்தை அமானிதமாகப் பேணவில்லை. குற்றம் கேமராவின் மீதன்று, எங்கள் மீது.

ஏன் நிறுத்தவில்லை?

இந்நிகழ்வுக்குப் பின் ஜமாஅத்தில் சிலர், குறும்பட வேலையையே நிறுத்திவிடலாம் என்றார்கள். அவர்களின் அக்கறையை மதிக்கிறோம். இருப்பினும், தொடர அனுமதிக்குமாறு கேட்டுக்கொண்டோம். எங்கள் காரணம் இதுதான்.

அந்தச் சிறுவனைக் காயப்படுத்தியது குறும்படமன்று, அதிலிருந்து கத்தரிக்கப்பட்ட துண்டு. அத்தகைய துண்டுகள் நாள்தோறும் நம் கைபேசிகளுக்கு வருகின்றன. ஓர் ஆலிமின் ஒரு மணி நேர உரையிலிருந்து பத்து நொடி வரும். எங்கோ, எப்போதோ நடந்த சண்டை, நேற்று நம் ஊருக்குப் பக்கத்தில் நடந்ததுபோல் வரும். நம் சமுதாயத்தைப் பற்றி மற்றவர்களுக்கும், மற்றவர்களைப் பற்றி நமக்கும் வரும். நாம் முன்பின் பாராமல் அனுப்பிவிடுகிறோம். ஒரு செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு ஸூரா ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. கேட்டதையெல்லாம் அறிவிப்பதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்திலான நபிமொழியை இமாம் முஸ்லிம் தம் நூலின் முன்னுரையிலேயே பதிந்திருக்கிறார்கள். இதை நாம் பிள்ளைகளுக்குப் பலமுறை ஓதிக் காட்டியிருக்கிறோம். ஆனால் ஒரு காணொலி எப்படிப் பொய் சொல்லும் என்பதை ஒருபோதும் காட்டியதில்லை.

எனவே அடுத்த ஞாயிறு ஒரு பயிற்சி கொடுத்தோம். பள்ளிவாசல் வாசலில் ஒரு சிறுவன் ஒரு ஜோடிச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிறான். கால்களும் கைகளும் மட்டுமே காட்சியில் உண்டு. முழுவதும் பார்த்தால், செருப்பை மறந்துவிட்டுச் செல்லும் ஒரு முதியவரிடம் அதைக் கொடுக்கவே அவன் ஓடுகிறான் என்று தெரியும். நடுவில் நிறுத்தினால், அவன் செருப்புத் திருடன். ஒரே காட்சியை இரண்டு விதமாகப் பிள்ளைகளே கைபேசியில் வெட்டிப் பார்த்தார்கள். வகுப்பு வெகுநேரம் அமைதியாக இருந்தது. பிறகு ஒரு மாணவி சொன்னாள்: "நாம புதுசா எதையும் சேர்க்கல, உஸ்தாத். எடுத்ததுதான் இருக்கு. ஆனா நடந்தது அது இல்லை."

யஃகூப் (அலை) அவர்களிடம் கொண்டுவரப்பட்டதும் கண்ணால் காணக்கூடிய சான்றுதான். சட்டையும் மகனுடையது. ஆனால் அவர்கள் அந்தக் கறையை நம்பி ஏமாறவில்லை. அந்தப் பாடத்தை இன்றைய பிள்ளைக்கு விளங்க வைக்க வேண்டுமானால், கத்தரிக்கோல் எங்கே விழும் என்பதை அவன் ஒருமுறையேனும் தன் கையால் அறிந்திருக்க வேண்டும்.

சில வாரங்களுக்குப் பின் ஒரு மாணவனின் தந்தை எங்களிடம் சொன்னார். குடும்பக் குழுவில் வந்த ஒரு காணொலியை அவர் பரபரப்போடு வீட்டில் காட்டியபோது, மகன், "அத்தா, இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு இதுல இல்லையே, இத யாரு எடுத்தாங்க?" என்று கேட்டானாம். தந்தை அதை யாருக்கும் அனுப்பவில்லையாம். ஹதீஸ் கலை மேதைகள் அறிவிப்பாளர் வரிசையைப் பார்த்துக் கேட்ட கேள்வியை, ஒரு சிறுவன் தன் வீட்டுக் கூடத்தில் கேட்டிருக்கிறான். இதற்காகத்தான் தொடர்கிறோம்.

இப்போது நாங்கள் பேணும் விதிகள்

1. ஆதாரம் முதலில், கேமரா பிறகு. கதையின் ஒவ்வொரு செய்தியும் குர்ஆனா, ஹதீஸா, விளக்கமா, கற்பனையா என்று எழுதிக் காட்டிய பின்னரே படப்பிடிப்பு.

2. நபிமார்கள், ஸஹாபாக்கள் வேடம் எவருக்கும் இல்லை.

3. தவறு செய்பவராக நடிக்கும் எந்தப் பிள்ளையின் முகமும் காட்சியில் வராது. கை, கால், நிழல், குரல் போதும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் எங்கள் ஆலிமாவே பொறுப்பு. பெற்றோர் மட்டுமன்றி அப்பிள்ளையும் மனமொப்ப வேண்டும்.

4. படம் மக்தபின் கைபேசியை விட்டு வெளியே செல்லாது. எந்தக் குழுவிலும் பகிரப்படாது. பருவ இறுதியில் பெற்றோர் நேரில் வந்து பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கலாம். ஆண்டு முடிவில் அழித்துவிடுவோம்.

5. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு எங்கள் வகுப்பில் பேசப்படாது. முகஸ்துதியின் விதை சிறு வயதிலேயே விழுந்துவிடக் கூடாது.

பெற்றோரிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் பிள்ளையின் படத்தைப் பார்க்க வாருங்கள். முழுவதும் பாருங்கள். "நல்லா இருந்துச்சு" என்பதோடு விட்டுவிடாமல், "இது எங்கே இருக்கு?" என்று கேளுங்கள். வேறொருவர் வீட்டுப் பிள்ளையின் காணொலி உங்கள் கைக்கு வந்தால், அது எவ்வளவு அழகானதாயினும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அந்த மாணவன் பன்னிரண்டாம் நாள் வந்தான். வழக்கமான இடத்தில் அமராமல் சுவரோரம் அமர்ந்து ஓதினான். இன்று வரை கேமராவுக்கு முன்னால் வர அவன் விரும்பவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. இப்போது காட்சிகளை வெட்டிச் சேர்க்கும் வேலையை அவன்தான் பார்க்கிறான். ஒவ்வொரு வெட்டுக்கும் முன் நிறுத்தி, "இங்க முடிச்சா தப்பா நினைச்சுருவாங்களா, உஸ்தாத்?" என்று கேட்கிறான். நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

நம் பிள்ளைகளின் நாவையும் கண்ணையும் கையையும் உண்மையின் பக்கம் அல்லாஹ் நிலைபெறச் செய்வானாக. அவர்கள் விஷயத்தில் எங்களால் நேர்ந்த குறைகளை மன்னித்தருள்வானாக. ஆமீன்.